வளையும் துத்தநாக-அயனி மின்கலம்: கேத்தோடுக்கு மாங்கனீசா, வனேடியமா? கெப்பாசிட்டி ஏன் ஏறி இறங்குது?

#1 வைகைக்கரை

வணக்கம். மணிக்கட்டில் கட்டுகிற சென்சார் பட்டைக்காக வளையக்கூடிய துத்தநாக-அயனி செல் செய்துகொண்டிருக்கிறோம். விவரம் இது:

கேத்தோடு: கார்பன் துணி மேல் வளர்த்த டெல்டா (அடுக்கடுக்கான படிக வகை) மாங்கனீசு டைஆக்சைடு, சதுர செ.மீ.க்கு 1.5 மி.கி.
ஆனோடு: 100 மைக்ரான் துத்தநாகத் தகடு
எலக்ட்ரோலைட்: 2 மோலார் துத்தநாக சல்பேட், பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) ஜெல்லில்
வோல்டேஜ் எல்லை: 0.8 முதல் 1.9 வரை

முதல் 15, 20 சைக்கிள் கெப்பாசிட்டி ஏறுது. பிறகு இறங்க ஆரம்பிச்சா நிற்கவே மாட்டேங்குது. வளைத்துப் பார்த்த செல் இன்னும் வேகமா விழுது. வழிகாட்டி, "மாங்கனீசை விடு, வனேடியத்துக்குப் போ, கிராமுக்கு 400 மி.ஆம்பியர்-மணி கிடைக்கும்" என்கிறார். கையில் இருப்பது 100 மி.லி. ஆட்டோகிளேவ் (அழுத்தம் தாங்கும் மூடிய குடுவை) ஒன்று, மஃபிள் ஃபர்னஸ், ஹாட் ஏர் ஓவன், 8 சேனல் பேட்டரி டெஸ்டர். ஆர்கான் குளோவ் பாக்ஸ் கிடையாது. எக்ஸ்ஆர்டிக்கு (படிக வகையைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) வெளியேதான் அனுப்பணும்.

எங்கே தப்பு? பொருளை மாற்றணுமா, முறையை மாற்றணுமா?

#2 மின்வாய்க்கால்

தம்பி, குளோவ் பாக்ஸ் இல்லைன்னு வருத்தப்பட வேண்டாம். நீரில் ஓடுற செல் இது, திறந்த மேசையிலேயே கட்டலாம். லித்தியத்தை விட்டுட்டு இத்தனை பேர் இந்தப் பக்கம் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் ஒரு சொல் தகராறு. பள்ளிப் புத்தகத்தில் கேத்தோடை 'எதிர்மின்வாய்' என்று போட்டிருக்கும். அது மின்னாற்பகுப்புக் கணக்குக்குச் சரி. மின்கலத்தில் கேத்தோடு நேர்முனை. இந்த இழையில் எல்லாரும் 'கேத்தோடு' என்றே எழுதுவோம், குழப்பம் வேண்டாம்.

இப்போ உங்க செல். டிஸ்சார்ஜ் ஆகும்போது மாங்கனீசு +4-லிருந்து +3 ஆகுது. அந்த +3 நிலையில் எண்முகக் கூடு ஒரு பக்கமா நீண்டு கோணுது, யான்-டெல்லர் கோணல் என்பது இதுதான். கோணினதோட விடாம, இரண்டு +3 சேர்ந்து ஒன்று +4 ஆகவும் ஒன்று +2 ஆகவும் பிரியுது. +2 நீரில் கரையும், கேத்தோடை விட்டு எலக்ட்ரோலைட்டுக்குள்ள போயிடும். தேய்மானத்தின் வேர் அது.

ஏறுவதற்குக் காரணம் இரண்டு. ஜெல் துணிக்குள் இறங்கி நார்களை முழுக்க நனைக்க சில சைக்கிள் ஆகும். இன்னொன்று, கரைந்த மாங்கனீசு சார்ஜ் பண்ணும்போது திரும்பத் துணி மேல் படியுது. அப்படிப் படிவது மெல்லிசா, நுணுக்கமா இருக்கும், நல்லாவே வேலை செய்யும். ஆனா படிவதைவிடக் கரைவது கூடும் நாளில் வளைகோடு கீழே திரும்பிடும்.

இரண்டு கேள்வி. மாங்கனீசு சல்பேட் சேர்த்தீங்களா? மேல் எல்லை 1.9 ஏன்?

#3 வைகைக்கரை

சேர்க்கலை சார். 1.9-க்குப் போனா கெப்பாசிட்டி கூடுதலா காட்டிச்சு, அதனால் வைத்தோம். பின்புறம் கரண்ட் எடுக்க 304 ஸ்டீல் வலை.

#4 மின்வாய்க்கால்

கூடுதலா காட்டினதில் ஒரு பங்கு ஆக்சிஜன் வெளியேற்றம், ஒரு பங்கு ஸ்டீல் அரிப்பு. அதெல்லாம் சார்ஜ் கணக்கில் ஏறும், டிஸ்சார்ஜில் திரும்ப வராது. மேல் எல்லையை 1.8-க்கு இறக்குங்க. 304-க்குப் பதில் 316 வலை அல்லது டைட்டானியம் தகடு. கார்பன் துணியின் ஒரு நுனியையே நீளமா விட்டு வெளியே எடுத்தா உலோகமே வேண்டாம். அலுமினியம், செம்பு இரண்டும் கேத்தோடு பக்கம் வரவே கூடாது.

எலக்ட்ரோலைட் 100 மி.லி. செய்ய: துத்தநாக சல்பேட் ஏழுநீர் உப்பு 57.5 கிராம், மாங்கனீசு சல்பேட் ஒருநீர் உப்பு 1.69 கிராம். இரண்டையும் 60 மி.லி. நீரில் கரைத்துவிட்டு, வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்கில் 100-க்கு ஏற்றணும். 100 மி.லி. நீரை அளந்து அதில் உப்பைக் கொட்டினா 2 மோலார் வராது, உப்பே நிறைய இடம் எடுத்துக்கும். கரைசலின் பிஎச் 4-ஐ ஒட்டி இருக்கும். அதைக் காரம் போட்டு 'சரி' பண்ணப் போனா வெள்ளையா ஹைட்ராக்சைடு சல்பேட் இறங்கிடும்.

மாங்கனீசு +2 முன்கூட்டியே கரைசலில் இருந்தா, கேத்தோடிலிருந்து கரைவது மட்டுப்படும். 2016-இல் ஆல்ஃபா மாங்கனீசு டைஆக்சைடு வைத்து வந்த கட்டுரையில் இந்த 0.1 மோலார் சேர்மானத்தைத்தான் காட்டினாங்க. அதற்குப் பிறகு எல்லார் செல்லிலும் அது இருக்கு.

#5 தராசுத்தட்டு

எல்லார் செல்லிலும் இருக்கு, எல்லார் கணக்கையும் கெடுத்தும் வைத்திருக்கு. அதையும் சொல்லுங்கள்.

0.1 மோலார் மாங்கனீசு சல்பேட் 1 மி.லி. எடுத்தால் அதில் 0.1 மில்லிமோல் மாங்கனீசு. ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான் கொடுத்து டைஆக்சைடாகப் படியலாம். ஒரு மில்லிமோல் எலக்ட்ரான் என்பது 26.8 மி.ஆம்பியர்-மணி. ஆக அந்த 1 மி.லி.க்குள் ஒளிந்திருப்பது 5.36 மி.ஆம்பியர்-மணி. கேத்தோடில் 2 மி.கி. வைத்திருந்தால், கிராமுக்கு 308 என்கிற ஒரு-எலக்ட்ரான் கணக்கில் அதன் முழுக் கெப்பாசிட்டி 0.62. எலக்ட்ரோலைட்டில் இருப்பது கேத்தோடைப் போல எட்டு, ஒன்பது மடங்கு.

அப்புறம் "எங்கள் புதிய கேத்தோடு 350 கொடுத்தது, 2000 சைக்கிளில் தேயவே இல்லை" என்று எழுதினால் யார் கொடுத்தது? கேத்தோடா, கரைசலா?

சோதனை ஒன்று உண்டு, ஒரு செல் செலவு. எந்தப் பூச்சும் இல்லாத வெறும் கார்பன் துணியை அதே எலக்ட்ரோலைட், அதே வோல்டேஜ் எல்லை, அதே கரண்டில் 50 சைக்கிள் ஓட்டுங்கள். வெறுந்துணி கொடுக்கிற மி.ஆம்பியர்-மணியைத் தனியாகக் குறித்து, கேத்தோடு செல்லோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இது இல்லாத கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

#6 மின்வாய்க்கால்

கணக்கு சரி, மறுக்கலை. ஆனா அது வெள்ளமா ஊற்றின செல்லுக்கு. வளையும் செல்லில் ஜெல் எவ்வளவு பிடிக்கும்? சதுர செ.மீ.க்கு 50 மைக்ரோலிட்டர் கரைசல் என்றால் 0.27 மி.ஆம்பியர்-மணி. ஏமாற்றும் அளவு பெரிசில்லை, காப்பாற்றும் அளவுக்குப் போதும். வெறுந்துணி சோதனை கட்டாயம் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

#7 தராசுத்தட்டு

0.27 என்பது தம்பியின் 1.5 மி.கி. கேத்தோடில் பாதிக்கு மேல். பெரிசில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? லோடிங்கை, அதாவது சதுர செ.மீ.க்கு வைக்கும் கேத்தோடுப் பொருளின் எடையை, 6, 8 மி.கி.க்கு ஏற்றுங்கள், அப்போது ஒப்புக்கொள்கிறேன்.

#8 மின்வாய்க்கால்

அது நியாயம். லோடிங் ஏறியே ஆகணும்.

#9 மல்லிகைநகர்

பெரியவங்க சண்டைக்கு நடுவில் ஒரு கொள்முதல் குறிப்பு. துத்தநாக சல்பேட் உரக்கடையில் மலிவா கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க. 21 சதவீத துத்தநாகம் என்று மூட்டையில் போட்டிருப்பது நெல்லுக்குச் சரி. இரும்பு, ஈயம், காட்மியம் கலந்திருக்கும். துத்தநாகத் தகடு மேல் இரும்போ நிக்கலோ துளி படிந்தாலே அந்த இடத்தில் ஹைட்ரஜன் கிளம்பும், பை உப்பும். ஏஆர் தரம் (ஆய்வகத் தூய்மை) வாங்குங்க.

தண்ணீரும் அப்படித்தான். மதுரையில் பல இடத்து போர் தண்ணி உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. துணி கழுவக்கூட அது வேண்டாம். குளோரைடு உள்ளே போனா ஸ்டீல் வலையில் குழி விழும். டிஅயனைஸ்டு நீர், இல்லாட்டி இருமுறை வடித்த நீர்.

கடத்தும் கரிக்கு சிவகங்கை கிராஃபைட் பக்கத்திலேயே இருக்கே, அதைப் போடலாமா என்று கேட்கிறவங்களுக்கு: செதில் கிராஃபைட்டில் மணலும் இரும்பும் சாம்பலா நிற்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினா இரும்பு போகும், மணல் போகாது. ஸ்லரி போடுறவங்க (தூளைக் குழைத்துப் பூசுறவங்க) அதை அசிட்டிலீன் பிளாக் என்கிற நுண்ணிய கரித்தூளோடு கலந்துதான் பயன்படுத்தணும். செதில் தூரத்துக்குப் பாதை போடும், அசிட்டிலீன் பிளாக் பக்கத்துத் துகள்களைக் கோக்கும். செதில் மட்டும் போட்டா இடைவெளி நிரம்பாது.

#10 வைகைக்கரை

நன்றி. வனேடியம் பற்றி யாரும் சொல்லலையே?

#11 சுங்குடி

நான் சொல்றேன். 400-ஐ மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, வோல்டேஜால் பெருக்கிப் பாருங்க. நீரேறிய வனேடியம் ஆக்சைடு கிராமுக்கு 400 கொடுத்தாலும் சராசரி 0.75 வோல்ட் சுற்றித்தான். கிலோவுக்கு 300 வாட்-மணி. மாங்கனீசு 280 கொடுத்து 1.35 வோல்ட்டில் நின்றா 378. இரண்டுமே கேத்தோடுப் பொருளின் எடைக்கு மட்டும் போட்ட கணக்கு.

சென்சாருக்குக் குறைந்தது 1.8 வோல்ட் வேணும்னு வைங்க. மாங்கனீசில் இரண்டு செல் தொடராக் கோத்தா போதும். வனேடியத்தில் மூணு, அதுவும் தீரும்போது போதாது. ஒவ்வொரு செல்லுக்கும் பை, முனை, ஒட்டு என்று செத்த எடை ஏறும்.

வனேடியத்தின் நல்ல பக்கத்தையும் சொல்லணும். அடுக்குகளுக்கு நடுவில் நீரும் துத்தநாகமும் தூண் மாதிரி நிற்பதால் அயனி ஓட்டம் ரொம்ப வேகம். 2016-இல் வந்த துத்தநாகம்-வனேடியம் 'வெண்கல' (செம்புக் கலவை இல்லை, ஒரு ஆக்சைடு வகை) கட்டுரைதான் அந்தப் பாதையைத் திறந்தது. ஆனா சும்மா வைத்தாலே நீரில் கரையும். ஜெல் மஞ்சளாச்சுன்னா புரிஞ்சுக்கலாம். வனேடியம் பென்டாக்சைடு நச்சு, தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, கழிவைச் சாக்கடையில் விடக் கூடாது. தோல் மேல் கட்டுற பொருளுக்கு அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனசு வராது.

பிரஷ்யன் நீல வகை 1.7 வோல்ட் காட்டும், கெப்பாசிட்டி 60, 70-லேயே நின்னுடும். பாலிஅனிலின் (மின்சாரம் கடத்தும் பாலிமர்) வளையுறதில் ராஜா, ஆனா அமிலம் குறைஞ்சா புரோட்டானை இழந்து கடத்தாமப் போயிடும். உங்க வேலைக்கு மாங்கனீசிலேயே நில்லுங்க.

#12 வைகைக்கரை

தெளிவா இருக்கு மேடம். அப்போ டெல்டாவை எப்படி நல்லா வளர்ப்பது? எங்கள் முறை: துணியை மஃபிளில் 500 டிகிரி 3 மணி, பிறகு பெர்மாங்கனேட்டில் 80 டிகிரியில் ஊறவைப்பது.

#13 சுங்குடி

500-இல் 3 மணி நேரம் அதிகம். துணி நொறுங்க ஆரம்பிச்சிருக்கும். அதைப் பிறகு பேசுவோம்.

துணி தயாரிப்பு: 3×5 செ.மீ. துண்டு. அசிட்டோன், எத்தனால், நீர் என்று ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் அல்ட்ராசோனிக். காயவைத்து, காற்றில் 400 முதல் 450 டிகிரி, 1 முதல் 2 மணி நேரம். ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்க. உருண்டு நின்னா இன்னும் வேணும், சட்டுன்னு இறங்கினா போதும், அத்தோட நிறுத்தணும். சிலர் அடர் நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க விடுவாங்க. ஃபியூம் ஹுட் இல்லாத இடத்தில் அந்த வேலையே வேண்டாம்.

வளர்ப்பு: பொட்டாசியம் பெர்மாங்கனேட் 6 மில்லிமோல், அதாவது 0.948 கிராம். மாங்கனீசு சல்பேட் ஒருநீர் உப்பு 1 மில்லிமோல், 0.169 கிராம். நீர் 70 மி.லி. பெர்மாங்கனேட் முழுக்கக் கரைந்த பிறகு சல்பேட் கரைசலைச் சொட்டுச்சொட்டா விடணும், 30 நிமிடம் கலக்கணும். 100 மி.லி. டெஃப்லான் குடுவையில் இதுதான் அளவு, 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பினா அழுத்தம் எகிறும். துணியைச் சுவர் ஓரம் நிறுத்தி வைங்க. படுக்க வைத்தா மேலே தூள் குவிந்து கீழே வெறுமையா இருக்கும். 160 டிகிரி, 12 மணி. ஓவனை அணைத்துத் தானா ஆற விடணும், சூட்டோட திறக்கவே கூடாது.

எடுத்த துணியை நீரில் பத்து விநாடி மட்டும் அல்ட்ராசோனிக்கில் காட்டுங்க. ஒட்டாத தூள் உதிர்ந்துடும். அது உதிராம எடை போட்டா லோடிங் பொய்யா ஏறும், முதல் வளைப்பிலேயே ஜெல்லுக்குள் கொட்டும். கழுவின நீரில் ஒரு சொட்டு பேரியம் குளோரைடு விட்டா வெண்மை வராத நிலை வரும் வரை கழுவணும். 70 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தல். டெல்டாவின் அடுக்குக்கு இடையில் நீர் இருக்கணும், சுமார் 7 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியைத் தாங்குறதே அந்த நீரும் பொட்டாசியமும்தான். சீக்கிரம் காயட்டும்னு 200, 300 டிகிரிக்கு ஏத்தினா நீர் போய் அடுக்கு சுருங்கிடும்.

எங்கே தப்பாகும்: மாங்கனீசு சல்பேட் கூடினாலோ அமிலம் சேர்ந்தாலோ ஆல்ஃபா வரும், 2×2 சுரங்கம் உள்ள ஊசிகள். எக்ஸ்ஆர்டியில் இரண்டுக்குமே 12 டிகிரி கோணம் தாண்டி முதல் சிகரம் நிற்பதால் மாறிப் படிக்கிறாங்க. 18 டிகிரியில் ஒன்று இருந்தா அது ஆல்ஃபா. டெல்டாவுக்கு அடுத்தது 25-ஐ ஒட்டித்தான். துணியோடு எடுத்தா அந்த 25-ஐக் கார்பனின் மேடு மூடிக்கும், அதனால குடுவை அடியில் சேர்ந்த தூளையும் தனியா அனுப்புங்க.

#14 தராசுத்தட்டு

எடை பற்றி ஒன்று. முன்னும் பின்னும் துணியை நிறுத்துக் கழிப்பது போதாது. பெர்மாங்கனேட் கரியையும் தின்கிறது. நான்கு பெர்மாங்கனேட்டுக்கு மூன்று கரி அணு, அதாவது அந்த வழியில் 1 மி.கி. டைஆக்சைடு வளர 0.1 மி.கி. கரி போகும். அந்த அளவுக்கு உங்கள் லோடிங் குறைவாகத் தெரியும், கிராமுக்கான கெப்பாசிட்டி கூடுதலாகத் தெரியும்.

சரியாக அறிய டைட்ரேஷன்: துண்டை அளந்த 0.01 மோலார் ஆக்சாலிக் அமிலத்தில், நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60–70 டிகிரியில் நிறம் போகும் வரை வையுங்கள். மீதமுள்ள ஆக்சாலிக்கைப் பெர்மாங்கனேட்டால் டைட்ரேட் செய்யுங்கள். செலவான 1 மி.லி. ஆக்சாலிக் 0.869 மி.கி. டைஆக்சைடுக்குச் சமம். மாங்கனீசு முழுக்க +4 என்று எடுத்த கணக்கு. டெல்டாவில் அது 4-க்குச் சற்றுக் குறைவு, அந்தப் பிழை சிறியது. 5 மி.கி.க்குக் குறைவான துண்டு வேண்டாம், ப்யூரெட் பிழை தின்றுவிடும். கண்ணாடியில் பிடித்த கறுப்புக் கறையும் இதே ஆக்சாலிக்கில் போய்விடும். அடர் கந்தக அமிலத்தைப் பெர்மாங்கனேட் உப்பின் மேல் நேராக ஊற்றக் கூடாது, வெடிக்கும் ஆக்சைடு உண்டாகும்.

இன்னொன்று, யாரும் வாய் திறக்காதது. கார்பன் துணியே சதுர செ.மீ.க்கு 13 மி.கி. போல இருக்கும். அதில் 1.5 மி.கி. வைத்துவிட்டு கிராமுக்கு 300 என்றால், துணியையும் சேர்த்த கிராமுக்கு 31. சட்டைப்பையில் பத்து ரூபாயை வைத்துக்கொண்டு பையின் விலையை மறைத்த கதை.

#15 யானைமலை

வளைப்புக்கு வருகிறேன், என் துறை அது.

வளைந்த பொருளின் வெளிப்புறத் திரிபு, தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும். பை இருபுறமும் 0.1, துத்தநாகம் 0.1, ஜெல் 0.5, துணி 0.35 என்றால் மொத்தம் 1.15 மி.மீ. 25 மி.மீ. ஆரத்தில் வளைத்தால், ஒரே பாளமாக எண்ணினால், 2.3 சதவீதம். ஸ்லரி பூச்சு அந்த அளவில் கீறிவிடும். துணியில் வளர்த்தது தப்பிக்கக் காரணம், நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அதே காரணத்துக்காக, 500 டிகிரியில் 3 மணி வைத்து நார் உடைந்த துணி தப்பிக்காது. பெர்மாங்கனேட் தின்ற கரி, தராசு சொன்ன கணக்கில், மொத்தத்தில் 1 சதவீதத்தை ஒட்டித்தான். குற்றவாளி ஃபர்னஸ்தான்.

ஜெல்லை 0.5-லிருந்து 0.2-க்கு இறக்குங்கள், தடிமன் 0.85 ஆகும், திரிபு 1.7 ஆகும். பெரிய செலவில்லாத மாற்றம். கேத்தோடை அடுக்கின் நடுவில் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது, நடுத்தளத்தில் இழுப்பும் இல்லை, அமுக்கமும் இல்லை. கேத்தோடை நடுவில் வைத்து இரு பக்கமும் மெல்லிய ஜெல், இரு பக்கமும் மெல்லிய துத்தநாகம் என்று அடுக்கினால் அது தானாக அமையும்.

சோதனையில் "90 டிகிரி வளைத்தோம்" என்று கோணம் எழுதுவது பயனற்றது. ஆரம் எழுத வேண்டும். 25 மி.மீ. ஆரமுள்ள பிவிசி குழாய்த் துண்டும் 15 மி.மீ. ஆரமுள்ள துண்டும் போதும், அவற்றில் சுற்றி நீட்டி, ஒவ்வொரு 100 வளைப்புக்கும் உள்தடையை அளங்கள். தடை ஏறியும் கெப்பாசிட்டி மெதுவான கரண்டில் மாறாமல் இருந்தால் கேத்தோடு நன்றாக உள்ளது, முனை இணைப்பு விட்டிருக்கிறது. என் அனுபவக் கணிப்பு: முதலில் போவது பெரும்பாலும் முனைதான், பையின் ஒட்டு விளிம்பைத் தாண்டும் இடத்தில்.

#16 மல்லிகைநகர்

ஜெல்லை 0.2-க்கு இறக்கச் சொல்றீங்க, சித்திரை மாச மதுரையில் 40 டிகிரியில் அது எத்தனை நாள் ஈரமா இருக்கும்? மைனஸ் 20-லும் உறையாத ஜெல் என்று கட்டுரை கட்டுரையா வருது. நமக்கு வேண்டியது காயாத ஜெல்!

சாதாரண லாமினேஷன் உறை நீராவியை விடும். அலுமினியம் இடையிட்ட பை உறை வேணும். செல்லை மூடினதும் நாலு தசம தராசில் எடை போட்டு, 40 டிகிரி ஓவனில் வைத்துத் தினமும் எடை பாருங்க. எடை குறைஞ்சா ஒட்டில் கசிவு. கெப்பாசிட்டி விழுந்ததுக்குக் கேத்தோடைத் திட்டுறதுக்கு முன்னாடி இந்தக் குறிப்பேட்டைப் பாருங்க.

பிவிஏ பற்றி: 2 மோலார் சல்பேட்டில் பிவிஏ தூளைக் கொட்டிச் சூடாக்கினா கட்டி கட்டியா திரிஞ்சிடும், சல்பேட் அதை வெளியே தள்ளும். சுத்த நீரில் 10 சதவீதம், 90 டிகிரியில் 2 மணி கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஃபிரீசரில் 12 மணி, வெளியே 4 மணி, இப்படி மூணு தடவை. வீட்டு ஃபிரீசரே போதும். பிறகு எலக்ட்ரோலைட்டில் 24 மணி ஊறல். 99 சதவீத ஹைட்ராலிசிஸ் தரம் வாங்கணும், 88 தரம் இந்த முறையில் இறுகாது. உப்பு நீரை இழுப்பதால் ஜெல் சுருங்கும், அதனால் ஊறின பிறகுதான் அளவு வெட்டணும்.

ஜிகர்தண்டாவில் போடுற கடல்பாசி இருக்கே, அகர், அதை வைத்தும் ஜெல் செய்யலாம்தான். 90 டிகிரிக்கு மேல் கரைந்து 35-ஐ ஒட்டி உறையும். ஆனா தனியா வளைத்தா பிட்டு மாதிரி உடையும். பிவிஏயோடு கலந்தா தாங்கும்.

#17 சுங்குடி

கடல்பாசி வரைக்கும் வந்தாச்சு, அடுத்து நன்னாரி சர்பத்தா!

வைகைக்கரை, கேத்தோடை மேம்படுத்தும் வழிகளில் உங்களுக்கு எட்டக்கூடியது மட்டும் சொல்றேன். முதலாவது, அடுக்குக்கு நடுவில் தூண். மேலே சொன்ன முறையில் பொட்டாசியம் ஏற்கனவே உள்ளே இருக்கு. கழுவும்போது அமில நீரில் கழுவினா அது வெளியே போயிடும், ஆகவே அமிலம் வேண்டாம். இரண்டாவது, பாலிஅனிலினை அடுக்குக்குள் புகுத்துவது. 2018-இல் வந்த முறை, இடைவெளி 1 நானோமீட்டர் அளவுக்கு விரியும், புரோட்டானும் துத்தநாகமும் போய்வந்தாலும் அடுக்கு சரியாது. செய்ய நேரம் பிடிக்கும், முதலில் அடிப்படைச் செல் நின்ற பிறகு தொடுங்க.

மூணாவதா எல்லாரும் எழுதுறது 'ஆக்சிஜன் வெற்றிடம்'. எக்ஸ்பிஎஸ்ஸில் (மேற்பரப்பை ஆராயும் எக்ஸ்-கதிர் சோதனை) 531 எலக்ட்ரான்-வோல்ட் பக்கம் ஒரு மேடு தெரிஞ்சா உடனே வெற்றிடம் என்று பெயர் வைத்துடுறாங்க. பெரும்பாலும் அது மேற்பரப்பு ஹைட்ராக்சில், ஒட்டின நீர். அதை நம்பி மாதம் கழிக்க வேண்டாம்.

லோடிங் ஏற்ற ஆட்டோகிளேவைத் திரும்பத் திரும்ப ஓட்டுறதைவிட மின்படிவு எளிது. 0.1 மோலார் மாங்கனீசு அசிட்டேட், 0.1 மோலார் சோடியம் சல்பேட், துணி நேர்முனையில், சதுர செ.மீ.க்கு 1 மி.ஆம்பியர். முழுத் திறனோடு படிந்தா 1 மணிக்கு 1.6 மி.கி., 4 மணியில் 6-ஐத் தாண்டும். கரண்டைக் கூட்டினா வெளிநார்களில் மட்டும் தடிச்சுப் படியும், வளைத்தா செதில் செதிலா உரியும். கிடைப்பது சுத்த டெல்டாவா இருக்காது, ஒழுங்கு குறைஞ்ச வகை. வளையுறதுக்கு அது பரவாயில்லை.

#18 வைகைக்கரை

இரண்டு வாரச் சோதனை முடிவு. மேல் எல்லை 1.8, 0.1 மோலார் மாங்கனீசு சல்பேட், துணி 420 டிகிரி 1.5 மணி, ஜெல் 0.2 மி.மீ. கரண்டு கிராமுக்கு 1.5 ஆம்பியர். 100 சைக்கிளில் இறக்கம் இல்லை. வெறுந்துணி செல்லும் கெப்பாசிட்டி கொடுக்குது, முதல் சைக்கிளில் ஒன்றுமில்லை, 50-ஆவதில் கேத்தோடு செல் தருவதில் ஐந்தில் ஒரு பங்கு. ஓட்டின கேத்தோடின் எக்ஸ்ஆர்டியில் 8 டிகிரி பக்கம் கூர்மையா ஒரு சிகரம், மேலே வெள்ளைத் தகடுகள். இது சிதைவா?

#19 மின்வாய்க்கால்

சிதைவில்லை. கேத்தோடு புரோட்டானை உள்ளே இழுக்கும்போது பக்கத்தில் ஹைட்ராக்சைடு மிஞ்சும், அது துத்தநாகத்தோடும் சல்பேட்டோடும் சேர்ந்து துத்தநாக ஹைட்ராக்சைடு சல்பேட்டா படியுது. சார்ஜ் பண்ணினா கரையணும். முழு சார்ஜில் ஒன்று, முழு டிஸ்சார்ஜில் ஒன்று என்று இரண்டு துண்டு எடுத்து அனுப்புங்க. சார்ஜ் நிலையிலும் அந்த 8 டிகிரி நின்னா அது கரையாமத் தங்கி துளைகளை அடைக்குதுன்னு அர்த்தம். மெல்லிய ஜெல்லில் கரைசல் குறைவு என்பதால் அந்த ஆபத்து கூடவே இருக்கு.

#20 தராசுத்தட்டு

1.5 ஆம்பியர் என்பது 5 சி, அதாவது முழுக் கெப்பாசிட்டியையும் ஐந்தில் ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் வேகம். அந்த வேகத்தில் ஒரு டிஸ்சார்ஜ் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகாது, மாங்கனீசு கரைய நேரமே இல்லை. 2016 கட்டுரையின் 5000 சைக்கிள், 92 சதவீதம் என்பதும் 5 சி-யில்தான். உங்கள் பட்டை மணிக்கட்டில் நாள் முழுக்க மெதுவாக ஓடும். கிராமுக்கு 0.1 ஆம்பியரில் 50 சைக்கிள் ஓட்டுங்கள். முழு சார்ஜில் 48 மணி சும்மா வைத்துவிட்டு டிஸ்சார்ஜ் செய்து எவ்வளவு மிச்சம் என்றும் பாருங்கள்.

துத்தநாகத்தையும் மாற்ற வேண்டும். 100 மைக்ரான் தகட்டில் சதுர செ.மீ.க்கு 58 மி.ஆம்பியர்-மணி இருக்கிறது, கேத்தோடில் அரை. நூற்றில் ஒரு பங்கைத்தான் தொடுகிறீர்கள், அதில் எந்த ஆனோடும் நல்லதாகத்தான் தெரியும். 20 மைக்ரான் என்றால் 11.7. லோடிங் 6 மி.கி. ஆனதும் அதற்கு மாறுங்கள்.

#21 வைகைக்கரை

0.1 ஆம்பியரில் இன்று காலை ஏற்றிவிட்டேன், இரண்டு சேனல் கேத்தோடு, ஒன்று வெறுந்துணி. மின்படிவுக்கு அசிட்டேட் வந்ததும் 4 மணி ஓட்டம். பழைய பெர்மாங்கனேட் கரைசல் அரை லிட்டர் மீதம் இருக்கு, அதை என்ன செய்வது?

#22 சுங்குடி

நீர்த்த அமிலம் கொஞ்சம் விட்டு, ஆக்சாலிக் அமிலக் கரைசலைச் சிறிது சிறிதா ஊதா நிறம் போகும் வரை சேருங்க. கார்பன் டைஆக்சைடு நுரைக்கும், வாய் அகன்ற பாத்திரம், மூடி போடாதீங்க. நிறம் போனதும் சோடியம் கார்பனேட் போட்டா மாங்கனீசு வெளிறிய வண்டலா இறங்கும். வடிகட்டி வண்டலை உலோகக் கழிவு டப்பாவில் போட்டு, தேதி எழுதி ஒட்டுங்க.